லைனர்: உள்ளுறை

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் தைக்கக் கொடுத்தால், ரவிக்கைக்கு லைனிங் வைக்கலாமா என்று கேட்பார்கள். செயற்கைக் கால் பொருத்தும் இடத்தில் லைனர் என்பார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆளிச் செடிக்கு லத்தீனில் லீனும் என்று பெயர். அதன் நாரில் நெய்த துணி லினன். ஐரோப்பியர் உடைகளுக்கு உட்புறம் லினன் வைத்துத் தைத்தார்கள். நாளடைவில் எதற்கு உள்ளே எதை வைத்தாலும் லைனிங், லைனர் என்றாகிவிட்டது.

செயற்கைக் காலுக்கான லைனர், எஞ்சிய காலின் மேல் தோலோடு ஒட்டச் சுருட்டி ஏற்றும் மெத்தென்ற உறை. அதற்கு மேல்தான் சாக்கெட், அதாவது காலை நுழைக்கும் கிண்ணம் போன்ற பகுதி வரும். சிலிகானில் செய்த லைனரை 1980களில் பரப்பியவர் ஐஸ்லாந்துக்காரரான ஓசுர் கிறிஸ்டின்சன்.

தமிழில் லைனரைக் காலுறை என்றால் சாக்ஸ் ஆகிவிடும். செயற்கைக் கால் மாட்டுபவர்கள் தனியாக சாக்ஸும் போடுவதால் குழப்பம்தான். உள்ளுறை பொருத்தமான சொல். சங்கப் பாடல் படித்தவர்களுக்கு உள்ளுறை உவமம் நினைவுக்கு வரும், பழைய புத்தகங்களில் பொருளடக்கத்துக்கும் அதே பெயர். இருந்தாலும் கையுறை, தலையணை உறை வரிசையில் வைத்துப் பார்த்தால் அர்த்தம் சட்டென்று புரியும்.

பெயரில் லினன் இருந்தாலும் குணம் நேர்மாறு. லினன் வியர்வையை உறிஞ்சும். சிலிகான் உறிஞ்சாது, வெளியேயும் விடாது. கோலாலம்பூர் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். தோலில் இயல்பாகவே வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்த ஈரத்தில் பெருகும். நாற்றம் வரும், மயிர்க்கால்கள் வீங்கிக் கொப்புளமாகும், உராய்வில் தோல் கிழிந்தால் சீழ் பிடிக்கும்.

அதனால் உள்ளுறையைத் தினமும் இரவில் கழற்றியதும் கழுவ வேண்டும். உட்புறத்தை வெளியே திருப்பி, வாசனை சேர்க்காத மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். சோப்பு மிச்சமிருந்தால் அதுவே அரிப்பு தரும், நன்றாக அலச வேண்டும். நூல் உதிராத துணியால் துடைத்து, பழையபடி திருப்பி, அதற்கான தாங்கியில் காயவிடலாம். வெயிலில் போடக் கூடாது, குளோராக்ஸ் போன்ற வெளுப்பான் கூடவே கூடாது. ஸ்பிரிட்டால் துடைக்கலாமா என்பது உள்ளுறைக்கு உள்ளுறை மாறும். கூட வரும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

அப்புறம், எஞ்சிய காலையும் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். இனிப்பு நீரால், அதாவது சர்க்கரை நோயால் கால் இழந்தவர்களுக்கு உணர்ச்சி குறைந்திருக்கும், புண் வந்தாலும் வலிக்காது. அவர்கள் தினமும் ஒரு கைக்கண்ணாடி வைத்து அடிப்பக்கம்வரை பார்க்க வேண்டும். சிவந்த இடம் கழற்றிய பின் சிறிது நேரத்தில் மறையவில்லை என்றால் செயற்கைக் காலை மாட்டாமல் கிளினிக்குக்குப் போக வேண்டும்.