ஜஸ்ட் கல்ச்சர்: ‘ஜஸ்ட் மிஸ்’ஸில் வரும் ஜஸ்ட் அல்ல

விமானத் துறையில் அடிக்கடி அடிபடும் சொல் ‘ஜஸ்ட் கல்ச்சர்’. நம் காதுக்கு ஜஸ்ட் என்றால் மயிரிழை: ஜஸ்ட் மிஸ், ஜஸ்ட் பாஸ். இங்கே வரும் ஜஸ்ட்டுக்கு ‘நியாயமான’ என்று பொருள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். சட்டம், உரிமை என்று பொருள்படும் லத்தீன் ‘யூஸ்’, அதிலிருந்து ‘யூஸ்டுஸ்’. நியாயம் என்பது ‘மிகச் சரியாக’ என்று நகர்ந்து, கடைசியில் மயிரிழைக்கு வந்து நின்றது. ‘கல்ச்சர்’ உழுது பயிரிடுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழிலும் நிலத்தைப் பண்படுத்துவதும் பண்பாடும் பக்கத்து வீடுதான்.

சரி, சொல் எதைக் குறிக்கிறது? இரவு ஷிஃப்ட் முடிகிறது. மெக்கானிக் கருவிப் பெட்டியை மூடப் போகிறார். ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவிலேயே பள்ளம் வெட்டிய பெட்டி. டார்ச் இருக்க வேண்டிய பள்ளம் காலி. விமானம் கிளம்ப நாற்பது நிமிடம் இருக்கிறது. சொன்னால் எஞ்சின் மூடியைத் திறந்து தேடுவார்கள், விமானம் தாமதமாகும், இவர் பெயர் கெடும். பேசாமல் வீட்டுக்குப் போனால் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் அவர் வாயைத் திறந்து “என் டார்ச்சைக் காணோம்” என்று சொல்ல முடிகிற சூழலுக்குத்தான் ஜஸ்ட் கல்ச்சர் என்று பெயர்.

பெயர் வருவதற்கு முன்பே தேவை வந்துவிட்டது. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கும்போது வெர்ஜினியாவில் ஒரு மலைமுகட்டில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். “ஓடுபாதையை நெருங்க அனுமதி” என்ற ஒரே தொடரை விமானி ஒரு விதமாகவும் தரைக் கட்டுப்பாட்டாளர் வேறு விதமாகவும் புரிந்துகொண்டிருந்தார்கள். 1,800 அடிக்கு இறங்கிவிடலாம் என்று விமானி நினைத்தார். மலையைத் தாண்டும்வரை உயரத்தைப் பார்த்துக்கொள்வது விமானியின் பொறுப்பு என்று கட்டுப்பாட்டாளர் நினைத்தார். கொடுமை என்னவென்றால், ஆறு வாரத்துக்கு முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே போல இறங்கி, தப்பித்திருந்தது. அந்த விமானிகள் நிறுவனத்துக்குள் விஷயத்தைச் சொன்னார்கள், யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. வெளியே யாருக்கும் போகவில்லை.

அதன் பிறகு அமெரிக்க விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பு 1975இல், விமானிகளும் மற்றவர்களும் நடந்த பிசகைத் தாங்களே எழுதி அனுப்புவதற்கான ஒரு தகவல் திட்டம் தொடங்கியது. லைசென்ஸைப் பறிக்கிற கையிலேயே யார் போய் வாக்குமூலம் கொடுப்பார்? அதனால் 1976இல் பொறுப்பு, யாரையும் தண்டிக்க அதிகாரமில்லாத நாசாவிடம் போனது. படிவத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள பகுதியைத் தனியாகக் கிழித்து, தேதி முத்திரை குத்தி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தெரியாமல் விதி மீறிய ஒருவர் 10 நாளைக்குள் தகவல் கொடுத்திருந்தால், பின்னால் விதிமீறல் நிரூபணமானாலும் அபராதமோ லைசென்ஸ் முடக்கமோ விதிக்காமல் விடுவார்கள். குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது.

ஜஸ்ட் கல்ச்சர் என்ற பெயரைப் பரப்பியவர் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், 1997இல். அதற்கு முன் புழங்கிய ‘பழி சொல்லாத கலாசாரம்’ அவருக்குப் போதவில்லை. எல்லாவற்றையும் மன்னித்தால் ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கே அது அநியாயம். 2014இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதியும் இதையே சொல்கிறது: அனுபவத்துக்கும் பயிற்சிக்கும் ஏற்றபடி நடந்தவரைத் தண்டிக்கக்கூடாது, படுமோசமான அலட்சியத்தையும் வேண்டுமென்றே செய்த மீறலையும் விடக்கூடாது.

இங்கேதான் தமிழாக்கம் சறுக்குகிறது. ‘தண்டனையற்ற கலாசாரம்’ என்று எழுதினால் பாதிப் பொருள் போய்விடும். நம் பேச்சில் ஏற்கெனவே வேறுபாடு இருக்கிறது: கைப்பிசகு வேறு, மெத்தனம் வேறு, தெனாவட்டு வேறு. முதலாவதற்கு ஆறுதல், இரண்டாவதற்குப் பயிற்சி, மூன்றாவதற்கு நடவடிக்கை. திருக்குறளில் ‘வெருவந்த செய்யாமை’ என்று ஓர் அதிகாரம் உண்டு, குடிகள் அஞ்சும்படி நடக்காமை. அதன் முதல் குறளே ‘தக்காங்கு நாடி’ என்று தொடங்கி, ‘ஒத்தாங்கு ஒறுப்பது’ என்று தண்டனைக்கும் இடம் வைக்கிறது. முதலில் தகுந்தபடி விசாரி, பிறகு குற்றத்துக்கு ஏற்ற அளவில் தண்டி.

என் தேர்வு ‘நியாயப் பண்பாடு’. ‘நீதிப் பண்பாடு’ என்றால் கோர்ட் வாசனை அடிக்கிறது. கூடவே வரும் ‘ரிப்போர்ட்டிங்’கைப் ‘புகார்’ என்று மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். புகார் என்றதும் ஹேங்கரில், அதாவது விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில், இருப்பவருக்கு நினைவுக்கு வருவது போட்டுக்கொடுப்பது. இவரோ தன் டார்ச்சைப் பற்றித்தான் சொல்கிறார். ‘தகவல் தருதல்’ போதும்.