பழைய டிஜிட்டல் கேமரா வாங்கப் போகிறீர்களா? முதலில் லென்ஸைக் காது கொடுத்துக் கேளுங்கள்

செல்போன் வந்ததும் பீரோவுக்குள் போய்விட்ட கையடக்க டிஜிட்டல் கேமராக்களுக்கு இப்போது மறுபடியும் கிராக்கி. வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?", அடுத்தது "சிசிடி சென்சாரா?" (ஒளியைப் படமாக்கும் சில்லுதான் சென்சார்; சிசிடி அதில் ஒரு பழைய வகை.) இரண்டையும் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். பதினைந்து, இருபது வயதான கேமராவில் முதலில் பார்க்க வேண்டியது மூன்று: லென்ஸ் தடங்கலில்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா, அதற்குப் பேட்டரி கிடைக்குமா, கார்டு கிடைக்குமா.

பழுதாகி வருபவற்றில் லென்ஸ் கோளாறுதான் அதிகம். ஆன் செய்ததும் குழல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டு வருகின்றனவே, அவற்றை நகர்த்துவது ஒரு குட்டி மோட்டாரும் சில பிளாஸ்டிக் பல்சக்கரங்களும்தான். குழல்களுக்கு இடையே உள்ள இடுக்கில் கடற்கரை மணல் ஒரு துகள் புகுந்தால் போதும், சக்கரம் இறுகிவிடும். பையிலிருக்கும்போது பொத்தான் அழுந்தி, லென்ஸ் வெளியே வர இடமில்லாமல் முட்டினால் பல்லே உடையும். எதிர்பார்த்த இடத்துக்கு லென்ஸ் வந்து சேராவிட்டால் கேமரா பிழைச் செய்தி காட்டி அணைந்துவிடும். பழைய கேனான்களில் இது 'ஈ18' என்று வரும். பிறகு வந்தவற்றில் 'லென்ஸ் எரர்'. "லேசாத் தட்டினா சரியாயிடும்" என்று விற்பவர் சொன்னால் அந்தக் கேமராவை அங்கேயே வைத்துவிடுங்கள். தட்டித் திறந்த லென்ஸ் மறுபடி மாட்டும்.

வாங்குமுன் பத்து முறை ஆன், ஆஃப் செய்யுங்கள். ஜூமை முழுக்க இழுத்து முழுக்கத் திரும்பக் கொண்டுவாருங்கள். இதையே லென்ஸ் வானத்தைப் பார்க்க ஒரு முறை, தரையைப் பார்க்க ஒரு முறை செய்யுங்கள். தேய்ந்த மோட்டார் மேல்நோக்கித் தூக்கும்போதுதான் திணறும். கேமராவைக் காதருகே வைத்துக் கேளுங்கள். ஒரே சீரான 'விர்ர்' சத்தம் நல்லது. நடுவில் கரகரப்போ 'டக் டக்'கோ கேட்டால் பல் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு சுவரில் ஒரு செய்தித்தாளை விரித்து ஒட்டி, நேராக நின்று, பிளாஷ் இல்லாமல் படமெடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று மூலைகளில் எழுத்து தெளிவாகவும் ஒன்றில் மட்டும் குழம்பியும் இருந்தால் கேமரா எப்போதோ கீழே விழுந்து லென்ஸ் சாய்ந்திருக்கிறது.

பேட்டரிக்கும் கார்டுக்கும் போகுமுன் சென்சார் பழுதாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2005-இல் ஒரு பெரிய குறைபாடு வெளியே வந்தது. சோனி அதற்குச் சில ஆண்டுகள் முன்பு செய்து கொடுத்த சிசிடி சென்சார்களில் சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் உள்ளிணைப்பு விட்டுப்போகிறது என்று தெரிந்தது. அந்தச் சென்சார்கள் சோனியில் மட்டுமல்ல, கேனான், நிக்கான், ஒலிம்பஸ் என்று பல நிறுவனங்களின் கேமராக்களில் இருந்தன. கேனான் ஏ70, ஏ75 அவற்றில் சேர்த்தி. நம் கடலோர ஊர்களின் வெயிலும் புழுக்கமும் இதற்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இலவசமாக மாற்றிக்கொடுத்த காலமும் முடிந்துவிட்டது. ஆகவே 2002 முதல் 2004 வரை வந்த கேமரா என்றால் கூடுதல் கவனம் தேவை. அடையாளம் எளிது: திரையில் காட்சி கறுப்பாகவோ, ஊதா நிறத்தில் நெளிந்தோ தெரியும், ஆனால் மெனுவும் கார்டில் ஏற்கெனவே உள்ள படங்களும் சுத்தமாகத் தெரியும். அப்படியானால் கெட்டது திரையல்ல, சென்சார். வாங்க வேண்டாம்.

இதோடு ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டியூப்லைட்டையோ சூரியனையோ நோக்கித் திருப்பும்போது திரையில் மேலிருந்து கீழாக ஒரு பிரகாசமான கோடு ஓடும். அது சிசிடியின் இயல்பு. வீடியோவில் பதியும், ஷட்டர் மூடித் திறக்கும் கேமராக்களில் புகைப்படத்தில் பெரும்பாலும் வராது. இதைப் பழுது என்று நினைத்து நல்ல கேமராவைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

பேட்டரியில்தான் ஏமாற்று அதிகம். கேனானின் என்பி-4எல் அசல் பேட்டரியின் கொள்ளளவு 760 மில்லி ஆம்பியர் ஹவர். அதே அளவுள்ள போலியில் 1800 என்று அச்சிட்டிருந்தால் அது வெறும் ஸ்டிக்கர். மேசைமேல் தட்டையாக வைத்துச் சுற்றிப் பாருங்கள். பம்பரம்போல் சுழன்றால் வயிறு உப்பியிருக்கிறது. அதைக் கேமராவில் திணித்தால் வெளியே எடுக்க முடியாது, சார்ஜ் போடுவதும் ஆபத்து. இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு டபுள்-ஏ செல்லில் ஓடும் கேமராதான் சரி. கேனான் ஏ590 ஐஎஸ் போன்றவற்றுக்கு இரண்டு செல் போதும். ஆனால் சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் மலிவான செல் நாலு படத்திலேயே உயிரை விடும். 2000 மில்லி ஆம்பியர் ஹவர் அளவுள்ள, ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைப் போடுங்கள். பேட்டரி அறைக் கதவின் கொக்கியையும் பாருங்கள். அது உடைந்திருந்தால் ரப்பர் பேண்டு போட்டுத்தான் காலத்தை ஓட்ட வேண்டும்.

கார்டு: எஸ்டி கார்டு போடும் கேமராக்களில் 2006-க்கு முந்தைய பெரும்பாலானவை 2 ஜிபி வரையுள்ள சாதாரண எஸ்டியை மட்டுமே ஏற்கும். 4 முதல் 32 ஜிபி வரையுள்ளவை எஸ்டிஎச்சி; இன்று கடையில் தாராளமாகக் கிடைக்கும் 64 ஜிபி அதற்கும் அடுத்த வகை. 'கார்டு எரர்' வந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள், முதலில் சின்ன கார்டு போட்டுப் பாருங்கள். பழைய ஒலிம்பஸும் ஃபியூஜியும் கேட்பது எக்ஸ்டி என்ற வேறு வகைக் கார்டு. அதன் உச்ச அளவே 2 ஜிபி, தயாரிப்பும் நின்றுவிட்டது. சோனி தன் சொந்தக் கார்டான மெமரி ஸ்டிக்கோடு எஸ்டியையும் ஏற்கத் தொடங்கியது 2010 வாக்கில். கார்டு இல்லாமல் கேமரா மட்டும் மலிவாகக் கிடைத்தால் மொத்தச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

மெகாபிக்சலைப் பற்றி ஒரே ஒரு தகவல். கேனான் 2008-இல் ஜி10 என்ற கேமராவை 14.7 மெகாபிக்சலில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஜி11-ஐ 10-க்குக் குறைத்தது. நகத்தளவு சென்சாரில் புள்ளிகளை நெருக்கினால் மங்கிய வெளிச்சத்தில் இரைச்சல்தான் (படத்தில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள்) கூடும். 6 முதல் 10 வரை தாராளம். வசதியுள்ளவர்கள் பானசோனிக் எல்எக்ஸ்3, கேனான் எஸ்90, எஸ்95 தேடலாம். அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப்2 லென்ஸ், கேமரா மெருகேற்றாத மூலப்படத்தைச் சேமிக்கும் ரா கோப்பு வசதி மூன்றிலும் உண்டு. இணையத்தில் 'ரெட்ரோ டிஜிகேம், 48 மெகாபிக்சல், 16எக்ஸ் டிஜிட்டல் ஜூம்' என்று புத்தம் புதிதாக விற்பதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பல, சிறு சென்சார் தரும் படத்தை மென்பொருளால் ஊதிப் பெருக்குபவை. லென்ஸ் நகராது, ஃபோக்கஸும் நிலையானது.

வாங்கியபின் நான்கு அமைப்புகளை மாற்றுங்கள். கார்டைக் கணினியில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். டிஜிட்டல் ஜூமை அணையுங்கள். ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விடாமல் 80 முதல் 200-க்குள் நிறுத்துங்கள். வெயிலில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் மூன்றில் ஒன்றுக்கு இறக்குங்கள். இல்லாவிட்டால் வெள்ளை வேட்டி வெறும் வெள்ளைத்தாளாகிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் மடிப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பிளாஷ் எட்டுவது சுமார் மூன்று மீட்டர்தான். கல்யாண மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து மேடையை நோக்கி அடித்தால் முன்னால் இருப்பவரின் தலைதான் பளிச்சிடும்.

தோல் உறையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், லென்ஸுக்குள் பூஞ்சை வலைபோலப் படரும். பேட்டரியைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் காயவையுங்கள்.

யூடியூபைப் பார்த்து நாமே திறந்துவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவர்களுக்கு: பிளாஷுக்கான மின்தேக்கி சுமார் 300 வோல்ட் வரை ஏறும். பேட்டரியைக் கழற்றி நெடுநேரமானாலும் அதில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். தேதி ஒவ்வொரு முறையும் அழிகிறது என்பதற்காகத் திறக்கவே வேண்டாம். கேனான் ஏ வரிசையில் பலவற்றில் அதற்கென்று ஒரு நாணய செல் வெளியிலிருந்தே மாற்றும்படி இருக்கும். சின்னத் தட்டை இழுத்தால் வந்துவிடும்.