முடியோரத்து நீலம் ஏன் போவதில்லை?

கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்யும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பாடசாலைப் பிள்ளைகளை நீலத் திரைக்கு முன்னால் படம் எடுத்து, போட்டோஷொப்பில் ஒரு அக்ஷன் பதிந்து, எல்லாவற்றையும் மொத்தமாக வெள்ளைப் பின்னணிக்கு மாற்றுகிறாராம். முகமும் சட்டையும் சுத்தமாக வெட்டுப்படுகின்றன, தலைமுடி ஓரத்தில் மட்டும் நீலம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அக்ஷனில் எந்தப் படி பிழை?

படிகளில் பிழை இல்லை. 1996இல் போட்டோஷொப் 4உடன் வந்த இந்த அக்ஷன், நாம் செய்ததைப் பதிந்துவைத்து அதே வரிசையில் திருப்பிச் செய்யும், அவ்வளவுதான். ஆளைத் தெரிவு செய், மாஸ்க் (பின்னணியை மறைக்கும் மூடி) போடு, கீழே வெள்ளை லேயர் வை, சேமி. சிக்கல் இருப்பது மாஸ்க்குக்கு அடியில் கிடக்கும் நிறத்தில்.

இப்படியான படங்களில் ஒரு முடி பெரும்பாலும் ஒரு பிக்சலை விட மெல்லியது. அதனால் ஓரத்துப் பிக்சலுக்குள் முடியின் ஒளியும் திரையின் ஒளியும் சேர்ந்தே விழுகின்றன. அந்தக் கலவையில் முடியின் பங்கைச் சொல்லும், 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண்தான் ஆல்பா. கணினி வரைகலை ஆய்வாளர்களான எட் கட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் 1970களின் பிற்பகுதியில் சிவப்பு, பச்சை, நீலத்தோடு இதை நாலாவது சனலாகச் சேர்த்தார்கள். ஆனால் மென்பொருள் ஆல்பாவை 0.5 என்று மிகச் சரியாகவே கண்டுபிடித்தாலும், அந்தப் பிக்சலில் நீலம் ஏற்கெனவே ஊறிவிட்டது. வெள்ளை மேல் வைத்தால் அதுவும் கூடவே வரும்.

நீலத்தைப் பிரித்தெடுக்கலாமே என்றால், கணக்கு இடம் தராது. கையில் இருப்பவை அந்தப் பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள். தெரியாதவை முடியின் நிறம் 3, பின்னணியின் நிறம் 3, ஆல்பா 1, ஆக 7. ஒரு கோப்பை பால்தேத்தண்ணியின் நிறத்தை மட்டும் பார்த்து, சாயம் எவ்வளவு கடுமை, பால் எவ்வளவு விட்டது என்று சொல்லச் சொல்வது போலத்தான். திரையின் நிறம் முன்கூட்டியே தெரிந்தால் 7 என்பது 4 ஆகும், அப்போதும் ஒன்று மிஞ்சும்.

இதற்கு அதே ஸ்மித்தும் இன்னொரு வரைகலை ஆய்வாளரான ஜிம் பிளின்னும் 1996இல் எழுதிக்காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. அதே பொருளை, துளியும் அசைக்காமல், கறுப்புத் துணிக்கு முன் ஒரு தடவையும் வெள்ளைத் துணிக்கு முன் ஒரு தடவையும் எடுக்க வேண்டும். கறுப்பு 0, வெள்ளை 100 என்று வையுங்கள், இவை ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான எண்கள். ஒரு பிக்சல் கறுப்பில் 10 காட்டுகிறது, வெள்ளையில் 60. பின்னணி 100 ஏறியதற்கு இது 50தான் ஏறியிருக்கிறது, அப்படியானால் பின்னணி பாதிதான் தெரிகிறது, ஆல்பா 0.5. கறுப்பில் வந்த 10 முழுவதும் முடியின் பாதிப் பங்கு, ஆகவே முடியின் உண்மையான அளவு 20. ஊகம் எதுவும் இல்லை, வெறும் கழித்தலும் வகுத்தலும்!

பிள்ளைகள் அப்படி ஆடாமல் நிற்க மாட்டார்கள், சரி. ஆனால் இதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. முடியைப் பிரிக்கும் மென்பொருட்களைச் சோதிக்க 2009இல் வெளியான தொகுதியில், விடை தெரிந்த 27 பயிற்சிப் படங்கள் பின்னணியை மாற்றி மாற்றி எடுத்தே உருவாக்கப்பட்டன. எண்ணெய் வைத்துப் பின்னிய சடை, மல்லிகைச் சரம், மெல்லிய சேலைத் தலைப்பு, இவற்றுக்கும் அப்படி ஒரு தொகுதி இங்கே செய்யலாம். இரண்டு துணி, ஒரு முக்காலி, நல்ல விளக்கு, பொறுமையான இரண்டு மாணவர்கள் போதும். கொழும்பிலோ மொரட்டுவையிலோ ஒரு பல்கலைக்கழகம் இதற்குச் சிறு நிதி ஒதுக்கினால் பெரிய இயந்திரங்களுக்குக் கொட்டும் பணத்தை விட உருப்படியாக இருக்கும் என்பது என் எண்ணம்.

அப்புறம், வாசகிக்கு. போட்டோஷொப்பின் செலெக்ட் அண்ட் மாஸ்க்கில் டீகன்டாமினேட் கலர்ஸ் என்பதை இயக்கி, அதையும் அக்ஷனில் பதியுங்கள். ஓரத்து நிறத்தை அருகிலுள்ள முழு முடியின் நிறத்தால் மாற்றும். பிக்சலையே மாற்றுவதால் விளைவைப் புதிய லேயராகவோ புதிய கோப்பாகவோதான் தரும். பிள்ளைகளைத் திரையிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், திரையில் பட்ட நீல ஒளி தெறித்து முடியில் விழாது. வெள்ளைத் திரையில் வெள்ளைச் சீருடை கரைந்துவிடும் என்பதால் நீலம் எடுத்திருப்பீர்கள். வெளிர் சாம்பல் திரை இன்னும் நல்லது: சட்டை பிரிந்து தெரியும், முடியில் சாம்பல் கொஞ்சம் மிஞ்சினாலும் கண்ணில் படாது.