வீட்டுக்குள் வீல்சேர் லிஃப்ட்: கவுன்சில் மானியத்தில் எங்கே மாட்டிக்கொள்கிறோம்

இங்கிலாந்தில் வீல்சேரில் இருக்கும் அம்மாவுக்கோ பிள்ளைக்கோ வீட்டில் லிஃப்ட் போட நினைக்கிறீர்களா? கவுன்சிலின் ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை ஓர் ஆணிகூட அடிக்க விடாதீர்கள். தொடங்கிவிட்ட வேலைக்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். கடன் வாங்கி லிஃப்டைப் போட்டுவிட்டுப் பிறகு போய்க் கேட்டு, வெறுங்கையோடு திரும்பிய தமிழ்க் குடும்பங்களைப் பார்த்த வேதனையில்தான் இதை எழுதுகிறேன்.

மானியத்தின் பெயர் டிசேபிள்ட் ஃபசிலிட்டீஸ் கிராண்ட். 1996ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. கவுன்சில் மனமிரங்கித் தருவதல்ல. இங்கிலாந்தில் உச்சவரம்பு 30,000 பவுண்ட். வாசற்படி ஏற்றும் லிஃப்டுக்கும் கேட்கலாம், மாடிக்குப் போகும் லிஃப்டுக்கும் கேட்கலாம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும்.

"மகன் வேலை செய்கிறார்தானே, உங்களுக்குக் கிடைக்காது" என்று போனிலேயே முடித்துவிடுவார்கள். நம்பாதீர்கள். லிஃப்ட் தேவைப்படுபவர், அவருடைய கணவர் அல்லது மனைவி, இவர்களின் வருமானமும் சேமிப்பும்தான் கணக்கு. கூட இருக்கும் மகன், மருமகளின் சம்பளம் அதில் வராது. குடியிருக்கும் வீட்டின் பெறுமதியும் வராது. சேமிப்பில் முதல் 6,000 பவுண்டை விட்டுவிடுவார்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கென்றால் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்கவே கூடாது. வாயால் மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பல மறுப்புகள் அங்கேயே கரைந்துவிடும்.

அடுத்தது இழுத்தடிப்பு. முழுமையான விண்ணப்பம் கிடைத்து 6 மாதத்துக்குள் கவுன்சில் முடிவு சொல்லியாக வேண்டும். ஆனால் வீட்டில் என்ன மாற்றம் தேவை என்று மதிப்பிடும் ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் வந்து பார்க்கக் காத்திருக்கும் மாதங்கள் அந்த ஆறில் சேர்வதில்லை. "அவர் ரிப்போர்ட் வரட்டும், பிறகு ஃபோர்ம் தருகிறோம்" என்று நிறுத்தி வைப்பது இதனால்தான். முதல் நாளே ஃபோர்மை ஈமெயிலில் கேளுங்கள். விண்ணப்பத்தோடு வழக்கமாக வேலைக்கான இரண்டு விலைமதிப்பீடுகளும் வேண்டும். விண்ணப்பம் கொடுத்த திகதிக்கு அத்தாட்சி வாங்காமல் திரும்பாதீர்கள்.

தெரபிஸ்ட் வரும் நாளில் வீட்டைக் கூட்டித் துடைத்து, தேநீர் கொடுத்து, "பரவாயில்லை, சமாளிக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தை அப்படியே ரிப்போர்ட்டில் ஏறும். யார் தூக்குகிறார், யாருக்கு முதுகு போனது, எத்தனை தரம் விழுந்தார், எல்லாவற்றையும் சொல்லுங்கள். விலை குறைவென்று படிக்கட்டு நாற்காலியைப் பரிந்துரைப்பார்கள். வீல்சேரிலிருந்து தானாக அதற்கு மாறி உட்கார முடியாதவருக்கு அது உதவாது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் இரண்டு விஷயம். சொந்த வீட்டை 10 ஆண்டுகளுக்குள் விற்றால், கவுன்சில் 10,000 பவுண்ட் வரை திருப்பிக் கேட்கலாம். லிஃப்ட் பழுதானால் யார் செலவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

6 மாதம் தாண்டியும் பதில் இல்லையா? முதலில் கவுன்சிலிலேயே எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால், கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஓம்புட்ஸ்மனிடம் போங்கள். ஒரு பென்ஸ்கூடச் செலவில்லை.