சுளுக்கிய காலை உடனே நீவாதீர்கள்

படியிறங்கும்போது கடைசிப் படியைக் கவனிக்காமல் விட்டால் போதும், பாதம் உள்பக்கமாக மடங்கிவிடும். சுரீர் என்று வலி ஏறும். கொஞ்ச நேரத்தில் வெளிக்கணுவுக்கு முன்னால் கோழிமுட்டை கணக்காக வீங்கி நிற்கும். பக்கத்தில் இருப்பவர் அக்கறையோடு காலைப் பிடித்து அழுத்தி நீவ வருவார். அதை மட்டும் தயவுசெய்து செய்ய விடாதீர்கள்.

‘நரம்பு பிசகிடுச்சு’ என்கிறோம். உண்மையில் அடிபடுவது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்ப்பட்டை, அதாவது லிகமென்ட். அது தாங்கும் அளவுக்கு மேல் இழுபட்டு, சில இழைகள் அறுந்துபோவதுதான் சுளுக்கு. கூடவே அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களும் கிழிந்து ரத்தம் கசியும். உடல் அந்தக் கிழிசலை அடைக்கும் நேரத்தில் நீவினால், அடைபட்டது மறுபடி திறக்கும். வெந்நீர் ஒத்தடமும் ரத்தக்குழாய்களை விரியவைத்து வீக்கத்தைக் கூட்டும். முதல் 2, 3 நாட்களுக்கு இரண்டும் வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணையில் வையுங்கள். விரல்பக்கமிருந்து மேல்நோக்கி கிரேப் பேண்டேஜ் சுற்றுங்கள். விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்துங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்தால் வலி மட்டுப்படும். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரே முறையாக 1978-ல் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் அவரே சொன்னார். அதனால் ஐஸை வலிக்கான மருந்தாக மட்டும், அளவோடு வையுங்கள்.

மறுநாள் குதிகால் ஓரத்தில் கருநீலமாகக் கன்றியிருப்பதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். அடிபட்டது மேலேதானே என்று தோன்றும். கசிந்த ரத்தம் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம் அங்கே நடப்பது அழகான வேலை. வெள்ளணுக்கள் வந்து சிவப்பணுக்களை விழுங்கி, ஹீமோகுளோபினைப் பிரித்துப்போடும். முதலில் பச்சை நிற பிலிவெர்டின், அதிலிருந்து மஞ்சள் நிற பிலிருபின். ரத்தக்கட்டின் ஓரத்தில் மஞ்சள் படர்ந்தால், துப்புரவு நடக்கிறது என்று பொருள். பெரும்பாலும் 2 வாரத்தில் மறைந்துவிடும். அடிபடாமலே அடிக்கடி கன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எலும்பு முறிந்திருக்குமோ என்ற பயம் நியாயமானது. கனடாவில் உருவான ‘ஒட்டாவா விதிகள்’ இதற்கு எளிய வழி சொல்கின்றன: 4 அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணு எலும்பின் பின்விளிம்பைத் தொட்டாலே வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், வாரக்கணக்கில் காலை நீட்டிப் படுத்திருக்காதீர்கள். புதிதாக வளரும் இழைகள், இழுவிசை வரும் திசையில்தான் வரிசையாகப் படியும். அசைவே இல்லையென்றால் தாறுமாறாகப் பின்னிக்கொள்ளும். வலி குறைந்ததும் உட்கார்ந்தபடியே, கால் கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதத் தொடங்குங்கள்.