பொருளாதார ஏகாதிபத்தியமா, வல்லாதிக்கமா?

செய்தித்தாளிலும் மேடையிலும் ‘ஏகாதிபத்தியம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஏக, ஆதிபத்தியம் என்ற இரு வடசொற்கள் சேர்ந்தது. ஒருவரே தலைவராக இருந்து ஆளுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘இம்பீரியலிசம்’. ரோமானியத் தளபதிகளுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் இருந்த ஆணையிடும் உரிமையைக் குறித்த ‘இம்பீரியம்’ என்ற லத்தீன் சொல்லே அதன் வேர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் இதைப் பெரும்பாலும் பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியைக் குறை சொல்லவே பயன்படுத்தினர். உள்நாட்டில் போட இடமில்லாமல் தேங்கிய முதலீடு வெளிநாடுகளைத் தேடிப் போனதே ஏகாதிபத்தியத்தின் ஆணிவேர் என்று 1902இல் ஆங்கிலப் பொருளியலாளர் ஜே. ஏ. ஹாப்சன் வாதிட்ட பிறகு, சொல்லில் பொருளாதாரம் அழுத்தமாகப் படிந்தது.

எகிப்தில் நடந்ததைப் பார்த்தால் சொல்லின் பொருள் விளங்கும். இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளுக்கு வேண்டிய பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து வந்தது. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதும் ஆலைகள் பஞ்சின்றித் தவித்தன. நைல் கழிமுகத்தில் விளைந்த நீளிழைப் பருத்தியின் விலை பல மடங்கு ஏறியது. அந்த வருமானத்தை நம்பி ஆட்சியாளர் இஸ்மாயில் ரயில்பாதை, கால்வாய், அரண்மனை என்று ஐரோப்பிய வங்கிகளிடம் கடன்மேல் கடன் வாங்கினார். 1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1875இல் சூயஸ் கால்வாய்ப் பங்குகளைச் சுமார் 40 லட்சம் பவுண்டுக்குப் பிரிட்டனிடம் விற்றார். மறு ஆண்டே கஜானா திவால். கடன்காரர்களின் பிரதிநிதிகள் கெய்ரோவில் அமர்ந்து வரிப்பணத்தை நேரடியாக வாங்கிக்கொள்ள ஓர் ஆணையம் அமைந்தது. கடைசியில் சுமை முழுவதும் நிலவரி கட்டிய உழவர் தலையில் விழுந்தது. இதை நிதிச் சீர்திருத்தம் என்று எழுதுவோரை என்னால் ஏற்க முடியவில்லை. எகிப்தியப் படை அதிகாரி அராபி பாஷா தலைமையில் படையும் மக்களும் எதிர்த்து எழுந்தபோது, 1882 ஜூலையில் பிரிட்டிஷ் கப்பல்கள் அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தன.

அதன்பின் 1883 முதல் 1907 வரை எகிப்தை உண்மையில் ஆண்டவர் பிரிட்டன் அமர்த்திய ஈவ்லின் பேரிங். வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கடன் ஆணையத்திலேயே முன்பு உறுப்பினராக இருந்தவர். பதவிப் பெயரோ வெறும் கான்சல் ஜெனரல், அதாவது தூதரக அதிகாரி. சட்டப்படி எகிப்து 1914 வரை ஒட்டோமான் சுல்தானுக்கு உட்பட்ட நாடுதான்.

அதனால்தான் ‘பேரரசியம்’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு நிறைவு தரவில்லை. பேரரசு என்று அறிவிக்காமலே பிரிட்டன் அங்கே ஆண்டது. ‘ஏக’வும் ஒட்டவில்லை, 1876இல் எகிப்தின் வரவு செலவைக் கண்காணிக்கப் பிரிட்டனும் பிரான்சும் ஆளுக்கொரு அதிகாரியை அமர்த்தின. வலிமையால் பிறர்மேல் செலுத்தும் பிடி என்னும் பொருளில் ‘பொருளாதார வல்லாதிக்கம்’ என்பதே பொருத்தம். ‘ஆதிக்கம்’ வடசொல்லாயிற்றே என்று தயங்குவோர் ‘வல்லாண்மை’ என்று எழுதலாம். அதில் உள்ள ‘ஆண்மை’ ஆள் என்னும் வினையடியில் பிறந்தது. ஆளும் தன்மை என்று கொள்ள வேண்டும்.