28ஆம் நாளில் கான்கிரீட் நின்றுவிடுவதில்லை

"எங்கள் கட்டுமான நிறுவனத்துக்குச் சூழலைக் கெடுக்காத வணிகத் திட்டம் ஒன்று தீட்ட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அலுவலகக் கூரையில் சோலார் தகடு, வாசலில் மரக்கன்று என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். படம் எடுக்க அழகாக இருக்கும். கணக்கைப் பார்த்தால் பெரும்புள்ளி சிமெண்ட்தான். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு அதன் பங்கு.

எரிபொருளை மாற்றினால் மட்டும் இது தீராது. சிமெண்ட் உலையின் 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை மின்சாரமே தந்தாலும் பாதிக்கு மேற்பட்ட வாயு வந்தே தீரும். 100 கிராம் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிராம் கால்சியம் ஆக்சைடு. மீதி 44 கிராம் கரியமில வாயுவாகப் போய்விடும். கட்டுகிறவர் கையில் இருக்கும் வழி, உலையிலிருந்து வரும் கிளிங்கரை, அதாவது அரைத்தால் சிமெண்டாகும் கட்டிகளை, குறைவாகச் செலவழிப்பதுதான்.

அதற்கு வேதியியலிலேயே ஓர் அருமையான இடைவெளி இருக்கிறது. சிமெண்டில் தண்ணீர் பட்டதும் முக்கியமாக இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, ஜல்லியையும் மணலையும் கட்டிப்பிடிக்கும் கால்சியம் சிலிகேட் பசை. மற்றொன்று, நீற்றிய சுண்ணாம்பு. இறுகிய சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இது இருக்கும். பலத்துக்குப் பெரிதாக உதவாமல், ஜல்லியின் ஓரங்களில் அறுகோணத் தகடுகளாகப் படிந்து கிடக்கும்.

இங்கேதான் ஃபிளை ஆஷ், அதாவது அனல்மின் நிலையப் புகையில் பிடிக்கும் சாம்பல், வருகிறது. நிலக்கரித்தூள் எரியும்போது அதிலிருக்கும் களிமண் உருகி, புகையோடு மிதந்தபடியே உறைந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குண்டுமணிகளாகிறது. உருண்டையாக இருப்பதால் கலவை வழுக்கிக்கொண்டு ஓடும். தண்ணீர் குறைவாகப் போதும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் நிற்கும் காரநீர் இந்தக் கண்ணாடியை மெல்ல அரிக்க, வெளிவரும் சிலிக்கா நீற்றிய சுண்ணாம்போடு சேர்ந்து மறுபடியும் அதே பசையாகிறது. எந்தச் சுண்ணாம்புக்காக 44 கிராம் வாயுவை விட்டோமோ, அதில் வீணாய்க் கிடந்த பங்கு இப்போது வேலைக்கு வருகிறது; துளைகளும் அடைபடுகின்றன. இத்தாலியின் பொட்சுவோலி ஊர் எரிமலைச் சாம்பலை வைத்து ரோமானியர் கட்டியதும் இந்த வினையை நம்பித்தான்.

ஒரு கன மீட்டர் கலவைக்கு 380 கிலோ சிமெண்ட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்குச் சுமார் 0.9 கிலோ வாயு என்றால் 342 கிலோ. 30 விழுக்காட்டை ஃபிளை ஆஷாக மாற்றும்போது பலம் விழாதிருக்க மொத்தப் பொடியை 10 விழுக்காடு கூட்டுவது வழக்கம்: 293 கிலோ சிமெண்ட், 125 கிலோ சாம்பல். வாயு 264 கிலோவுக்கு இறங்கும்.

சிக்கல், இந்த வினைக்கு அவசரம் கிடையாது. முதலில் சிமெண்ட் வினைபுரிந்து சுண்ணாம்பு சேர வேண்டும். அப்புறம்தான் சாம்பலின் முறை. பலம் பார்க்க வார்த்த கான்கிரீட் கட்டியை, அதாவது கியூபை, 7ஆம் நாள் உடைத்தால் முடிவு சோர்வாகத்தான் வரும். 56, 90 நாள்களில் எட்டிப் பிடித்து, பல நேரம் தாண்டியும் போகும். பலத்தைச் சோதிக்க வழக்கமாக வைக்கும் கெடுவான 28 நாள் என்பது நான்கு வாரம், அவ்வளவே. அன்றைக்கு எந்த வினையும் முடிவதில்லை. மூடநம்பிக்கையைக் கேலி செய்யும் பொறியாளர்களே இந்த எண்ணைக் கும்பிடுவதுதான் வேடிக்கை. அடித்தளத்துக்கு முழுப் பாரம் வந்து சேரப் பல மாதம் ஆகும். அதன் பலத்தை 56 நாளில் கேட்டால் என்ன குறைந்துவிடும்? கனத்த அடித்தளத்தில் உட்சூடு குறைவது கூடுதல் லாபம். வாரம் ஒரு தளம் போடும் இடத்தில் மட்டும் சாம்பலின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் சைட்டில்தான். மூன்றாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்தினால் மேற்பரப்பு காய்ந்து, சாம்பல் வினைபுரியாமல் வெறும் தூளாக நின்றுவிடும். சுண்ணாம்பு குறைந்த அந்தத் தோலில் காற்றிலுள்ள கரியமில வாயு சுலபமாக இறங்கி, காரத்தன்மையைக் குறைத்து, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். 10 முதல் 14 நாள் ஈரம் காக்க வேண்டும். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிப்பதை நாள் எண்ணித் தீர்மானிக்காமல், அதே இடத்தில் வெயிலிலும் குளிரிலும் கிடந்த கியூபை உடைத்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். எரியாத கரி மிகுந்த சாம்பல் வந்தால் அது கலவையில் சேர்க்கும் ரசாயனத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

புதுப் பொருள் ஆய்வுக்குக் கிடைக்கும் பணத்தில் சிறு பங்காவது சைட் தரக்கட்டுப்பாட்டுக்கு வர வேண்டும் என்பது என் கட்சி. காரணம் எளிது. கலவையின் இலக்குப் பலம் என்பது கேட்ட பலத்தோடு 1.65 மடங்கு திட்டவிலக்கத்தை, அதாவது கியூப் முடிவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவை, கூட்டியது. 30 மெகாபாஸ்கல் கான்கிரீட்டில் திட்டவிலக்கம் 5 என்றால் இலக்கு 38.25, அதையே 3க்குக் கொண்டுவந்தால் இந்தச் சூத்திரப்படி 34.95. இடையிலுள்ள 3.3 மெகாபாஸ்கலுக்கான சிமெண்ட், வேலையின் ஒழுங்கீனத்துக்கு நாம் கட்டும் அபராதம்.

ஆகவே கடைசி 30 கியூப் முடிவுகளை எடுத்துத் திட்டவிலக்கத்தைக் கணக்கிடுங்கள். 5ஐத் தாண்டினால் முதலில் மணலின் ஈரத்தைப் பாருங்கள். 800 கிலோ மணலில் 5 விழுக்காடு மேலீரம் இருந்தால் பலத்தைக் குறைக்கும் 40 லிட்டர் தண்ணீர், யார் கணக்கிலும் ஏறாமல், ஒவ்வொரு கன மீட்டர் கலவைக்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது.